மூன்றல்ல, நான்கு பேரப்பிள்ளைகள்

என்னுடைய இஞ்சாருங்கோவுக்கு,

முப்பத்தெட்டு வருஷமாக உங்களை நான் இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டேன். பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனாலும் “எங்கடை வீட்டுக்காரருக்கு” என்றுதான் உபதேசியாரிடம் சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு தானே பெயரை எழுதிக்கொள்வார். இன்றைக்கும் அப்படியே கூப்பிடுகிறேன், ஆனால் கொஞ்சம் கோபத்தோடு. அன்பில்லாதவளாக இருந்தால் செத்த மனுஷனோடு மினக்கெட்டுக் கதைப்பேனா?

நீங்கள் போய் நாளைக்கு ஒரு வருஷம். இது உங்கள் ஆண்டு நினைவுக்கு அச்சடிக்கிற நோட்டீஸ். வழமையாக இப்படியான நோட்டீசில் ஒரு படம் இருக்கும், ஒரு செபம் இருக்கும், பிரிவால் வாடுகிறவர்கள் பெயர் இருக்கும். படம் போட அச்சுக்கூடத்தில் வசதி இல்லையாம். செபம் எல்லாருக்கும் பாடம். அதனால் அந்த இடம் முழுவதும் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நீங்கள் மட்டுமல்ல, எங்கள் கரைச் சனமும் நாங்கள் இடம்பெயர்ந்து இருக்கிற அரியாலைச் சனமும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுதுகிறது நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். “நான் நல்ல தமிழிலை எழுதித் தாறன் அம்மா” என்று உபதேசியார் சொன்னார். “எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கோ. என்னைத் திருத்த வேண்டாம்” என்றேன். அவர் அதோடு பேனையை என்னிடம் தந்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மரண அறிவித்தலில் மூன்று பேரப்பிள்ளைகளின் பெயர் இருந்தது. எங்களுக்குப் பேரப்பிள்ளைகள் நான்கு. மகள் றீற்றாவின் பொடியன்கள் ஜெறோமும் நிக்சனும். மகன் அருளப்புவின் வீட்டில் வாணியும், அவளுடைய தம்பி டெனிசனும். இதில் வாணியின் பெயரைக் காணவில்லை. நால்வரிலும் மூத்தவள் அவள். முதலில் வரவேண்டிய பெயர் அது. கைதவறி விடுபட்டிருந்தால் நான் பேனை எடுத்திருக்க மாட்டேன்.

தெரியாதவர்களும் வாசிப்பார்கள், ஆகவே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் பொறுத்துக் கேட்டுக்கொண்டிருங்கோ. குறுக்கே பேச இப்போது உங்களுக்கு வழியில்லை.

கடலுக்குப் போகலாமா கூடாதா என்று ஒவ்வொரு நாளும் கரையில் நின்று யோசித்த காலம் அது. கிடைத்த கொஞ்ச மீனை அருளப்பு சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு போய்க் கோப்பாய்ப் பக்கம் விற்றான். அங்கே கந்தசாமி என்று ஒரு புகையிலைத் தோட்டக்காரர். அருளப்புவிடம் மீன் வாங்குகிறவர். தோட்டத்தில் பாம்பு கடித்து இறந்துபோனார். வெடியும் ஷெல்லும் ஆட்களைக் கொண்டுபோகிற நாளில் பாம்பு கடித்துச் செத்த மனுஷன். அவருடைய பெண்சாதி சரசுவின் இடுப்பில் ஒன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை.

இரண்டு வருஷம் கழித்து அருளப்பு நீங்கள் சாய்ந்திருக்கிற கதிரைக்கு முன்னால் வந்து நின்றான்.

“அப்பா, நான் அந்தப் பிள்ளையின்ரை தாயைக் கலியாணம் செய்யப் போறன்.”

அவன் சொன்ன மாதிரியைக் கவனித்தீர்களா? சரசு என்று சொல்லவில்லை. பிள்ளையை முதலில் சொல்லி, அந்தப் பிள்ளையின் தாய் என்றுதான் சொன்னான். எனக்கு அது அன்றைக்கே காதில் பட்டது.

“ஏன், கரையிலை குமர்ப்பிள்ளையள் முடிஞ்சு போச்சோ? ஆற்றையோ பிள்ளையைச் சுமக்கப் போறியோ?” என்று கேட்டீர்கள்.

“சுமக்கத்தான் கேக்கிறன்” என்றான்.

கோப்பாயில் அவர்களும் பாய்ந்தார்கள். சைவப் பெண்ணைக் கிறிஸ்தவ வேதக்காரனுக்குக் கொடுக்கிறதோ என்று அங்கே சத்தம். சைவக்காரியை எடுக்கிறதோ என்று இங்கே சத்தம். சைவமும் வேதமும் அப்படி ஒத்துப்போனதை நான் வேறெந்த விஷயத்திலும் கண்டதில்லை. நானும் அழுதேன், அதை மறைக்க மாட்டேன். மகனுக்குச் சீதனத்தோடு ஒரு குமர் வரும் என்று நினைத்திருந்த தாய்தான் நானும். என் அழுகை ஒரு கிழமையில் முடிந்தது. உங்களுடைய கோபம் முடியவில்லை.

சரசு தானாகக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தாள். பிள்ளைக்கும் எடுப்பிப்போம் என்றாள். கோயிலில் பதிவுப் புத்தகத்தில் தகப்பன் பெயர் எழுதுகிற இடம் வந்தது. எழுதுகிறவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: “தம்பி, உம்மடை பேரைப் போட்டுவிடுவம். பிறகு ஒரு கரைச்சலும் வராது.”

“இவவின்ரை தகப்பன் கந்தசாமி. அந்தப் பேரைப் போடுங்கோ” என்றான் அருளப்பு.

“செத்த மனுஷன் வந்து கேக்கப் போறாரோ?”

“அவர் கேக்க மாட்டார். அதாலைதான் நான் கேக்கிறன். பொய்யை எழுதிப்போட்டு அதுக்கு மேலை தண்ணி ஊத்தேலாது.”

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சொன்னீர்கள், “பேர் குடுக்காதவன் என்ன தகப்பன்?” என்று. அந்தக் கேள்வியை நீங்கள் மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை. பெயர் கொடுக்காமல் தகப்பனாக இருக்கலாமோ? ஏழு வருஷமாக என் கண் முன்னால் ஒருவன் இருந்து காட்டுகிறான்.

கந்தசாமி இறந்த நாளில் ஒவ்வொரு வருஷமும் வாணியைச் சைக்கிள் பாரில் ஏற்றிக் கோப்பாய்க்குக் கொண்டுபோவான். அவளை வீட்டுக்குள் விட்டுவிட்டு, வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பான். முதல் வருஷமும் அப்படி, இரண்டாம் வருஷமும் அப்படி. மூன்றாம் வருஷம் கந்தசாமியின் தகப்பன் படலையடிக்கு வந்து, “உள்ளுக்கு வாரும் தம்பி, வெயில்” என்றாராம். ஒரு நல்ல தகப்பன் பிள்ளையிடமிருந்து எதையும் பறிக்க மாட்டான் என்று இதிலிருந்துதான் படித்தேன். செத்த தகப்பனையும் பறிக்க மாட்டான். எங்கள் கோயிலில் சிலர் முணுமுணுத்தார்கள், வேதப் பிள்ளையைச் சைவ வீட்டுத் திவசத்துக்குக் கொண்டுபோகிறான் என்று. முணுமுணுக்கட்டும். வேலியோரம் வெயிலில் நின்றது அவர்கள் இல்லை.

வாணி முதல் முதல் வீட்டுக்கு வந்த நாளில் அவளுக்கு மூன்றரை வயது. என் முகத்தைப் பார்த்து, “உங்களை நான் என்னெண்டு கூப்பிடுறது?” என்று கேட்டாள். நான் வாய் திறக்க முன்னமே கதிரையிலிருந்து உங்கள் குரல் வந்தது. “ஆச்சி எண்டு கூப்பிடு. அது காணும்.”

ஆச்சி. மரக்கறி விற்கிறவளும் ஆச்சி, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவளும் ஆச்சி. தலை நரைத்தால் ஊரில் எல்லாரும் ஆச்சிதான். அப்பாச்சி என்றால் அப்பாவைப் பெற்ற ஆச்சி. அந்தச் சொல் பிள்ளையின் வாயில் வந்துவிட்டால் அருளப்பு அவளுக்கு அப்பா என்று ஆகிவிடும். அதற்குத்தான் சொல்லின் முன்பாதியை நீங்கள் வெட்டினீர்கள். பாய்மரத்தை வெட்டின மாதிரி ஒரே வெட்டு. நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது என்னுடைய பிழை.

ஆறு மாசம் ஆச்சி என்றாள். ஒரு நாள் குசினியில் நான் மீன் வெட்டிக்கொண்டிருக்க, வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா சாப்பிட்டிட்டாரோ, ஆச்சி?”

“ஆற்றை அப்பா?”

“என்ரை அப்பா.”

“அப்ப நான் உனக்கு ஆர்?”

நெற்றியைச் சுருக்கினாள். “அப்பாச்சி” என்றாள். ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்கள் வெட்டி எறிந்ததை அவளே பொறுக்கி எடுத்து ஒட்டினாள். செதில் ஒட்டின கையோடு அவளைத் தூக்கினேன். “அப்பாச்சி மணக்குது” என்று மூக்கைப் பொத்தினாள். அன்றிலிருந்து நான் அப்பாச்சிதான். நீங்கள் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தீர்கள்.

தொண்ணூறில் கரையை விட்டு எல்லாரும் எழும்பி ஓடினோமே, அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டிபானையை விட்டீர்கள், வலையை விட்டீர்கள். சூசையப்பர் சுரூபத்தை மட்டும் ஒரு சாரத் துணியில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினீர்கள். உங்களுக்கு எல்லாம் சூசையப்பர்தான். புதன்கிழமை புதன்கிழமையாக அவருக்குச் செபம், திருநாளில் சுற்றுப்பிரகாரத்தில் அவருடைய சுரூபம் வைத்த கூட்டைத் தூக்குகிறவர்களில் முதல் தோள் உங்களுடையது. அரியாலையில் வந்து சாரத்தை அவிழ்த்தால் சூசையப்பர் முழுதாக நிற்கிறார், கையில் இருந்த யேசுபாலனைக் காணவில்லை. வழியில் எங்கேயோ உடைந்து விழுந்துவிட்டது.

மூன்று நாள் வந்த வழியெல்லாம் போய்த் தேடினீர்கள். சனம் அரிசி தேடித் திரிய, நீங்கள் பெருவிரல் அளவு பாலனைத் தேடித் திரிந்தீர்கள். மூன்றாம் நாள் வந்து வாங்குப் பலகையில் இருந்துகொண்டு சொன்னீர்கள், “கையிலை பிள்ளை இல்லாட்டி இவரை ஆரெண்டு சனத்துக்குத் தெரியும்? ஆரோ ஒரு தாடிக்காரன்.”

என்னை அந்தச் சொல் சும்மா விடவில்லை.

“இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை ஆற்றை பிள்ளை?”

“எந்தப் பிள்ளை?”

“நீங்கள் மூண்டு நாளாய்த் தேடுற பிள்ளை. சூசையப்பர் பெத்ததோ?”

“வேதத்தோடை விளையாடாதை” என்றீர்கள்.

“நான் விளையாடேல்லை. ஆற்றையோ பிள்ளையைச் சுமந்ததாலைதானே அவர் சூசையப்பர். இல்லாட்டி நீங்கள் சொன்ன மாதிரித் தாடிக்காரன்.”

நீங்கள் எழும்பி வெளியே போனீர்கள். நான் வென்றேன் என்று நினைக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் ஒரு மிதப்புக் கட்டைத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு கத்தியால் பாலன் செதுக்கத் தொடங்கினீர்கள். வலை பொத்துகிற கைக்குச் சிற்பம் வருமா? தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். வாணி பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

“இறால் மாதிரிக் கிடக்குது” என்றாள்.

நீங்கள் சிரித்தீர்கள். அவளோடு நீங்கள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். பிறகு, “இஞ்சை வா, அசையாமல் நில்லு, பாப்பம்” என்று அவளை வெளிச்சத்தில் நிறுத்தினீர்கள். அவளுடைய நெற்றியைப் பார்த்தீர்கள், கன்னத்தைப் பார்த்தீர்கள், கட்டையைச் சீவினீர்கள். இரண்டாவது பாலன் இறால் மாதிரி இல்லை. அவள் மாதிரித்தான் வந்தது. அதைப் பசை போட்டுச் சூசையப்பரின் கையில் ஒட்டினீர்கள்.

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது? தெரிந்த மனுஷன் ஏன் ஒரு சொல்லைச் சொல்லவில்லை? “என்ரை பேத்தி” என்று ஒரே ஒரு தரம், நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பீர்கள்?

அதற்குப் பிறகு நடந்த இன்னொன்றையும் எழுதுகிறேன். மண்ணெண்ணெய் மருந்து மாதிரிக் கிடைத்த காலம். ஒரு பின்னேரம் விளக்கு வைக்கப் போகையில் போத்தில் சரிந்து எண்ணெய் நிலத்தில் ஓடிக் கிடந்தது. அருளப்பு வாணியை ஏசிப்போட்டான். அவள் மூலைக்குள் போய் நின்றாள். பிறகுதான் டெனிசன், “நான்தான் காலாலை தட்டினனான்” என்று அழுதுகொண்டு வந்தான். அருளப்பு போய் வாணிக்கு முன்னால் முழங்காலில் நின்றான். “அப்பா பிழை விட்டிட்டன் மோனை. மன்னிச்சுக்கொள்” என்றான். அவள், “எழும்புங்கோ அப்பா, சாரத்திலை எண்ணெய்” என்றாள்.

உங்களுக்குப் பொறுக்கவில்லை. “தகப்பன் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேக்கிறதோ? பிறகு ஆர் உன்னை மதிக்கிறது?”

“அப்பா, நாங்கள் ஒவ்வொரு நாளும் முழங்காலிலை நிண்டு எங்கடை பிழையைப் பொறுக்கச் சொல்லித்தானே மன்றாடுறம்” என்றான் அவன். “கடவுளுக்கு முன்னாலை மடியிற முழங்கால் பிள்ளைக்கு முன்னாலை மடியாதெண்டால், அது என்ன முழங்கால்?”

நீங்கள் றேடியோவைத் திருகினீர்கள். பற்றரி இல்லாத றேடியோ. அதைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினேன்.

நீங்கள் கெட்ட தகப்பன் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் கடவுள் பொறுக்க மாட்டார். பிள்ளைகள் ஒரு நாள் பட்டினி கிடக்க விட்டதில்லை. காய்ச்சலோடும் தொழிலுக்குப் போனீர்கள். ஆனால் அருளப்பு சின்னவனாக இருக்கும்போது கயிற்றால் அடித்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை அதே கையால் சூசையப்பரின் கூட்டைத் தூக்கினீர்கள். அவன் பின்னால் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நடந்து வருவான். நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தீர்கள். அவன் மேலே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறான். உங்கள் தோளுக்கு மேல் நின்ற மனுஷனிடம் அவன் தகப்பன்வேலை படித்திருக்கிறான். அதைத் தூக்கிக் காட்டினது நீங்கள். அந்தப் பெருமையை உங்களுக்கு நான் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கோ.

கடைசி மாசம் உங்களுக்கு நெஞ்சு இழுத்தபோது வாணிதான் கரண்டியால் கஞ்சி பருக்கினாள். பழைய பேப்பரை எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். “கொஞ்சம் மெள்ள வாசி மோனை” என்று அவளைக் கூப்பிட்டீர்கள். பிள்ளையே என்கிற அந்த மோனை என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் யோசித்தேன். கரையில் நிற்கிற எந்தப் பிள்ளையையும் மோனை என்பீர்கள். இது அந்த மோனையா, வேறு மோனையா? சொல்லாமல் போய்விட்டீர்கள்.

மரண அறிவித்தலை உங்கள் தம்பி இராயப்பு எழுதி அச்சடித்து வந்தார். செத்த வீட்டில் எனக்கு அதைப் பார்க்கிற நிலை இல்லை. என் கண்ணாடியும் இடம்பெயர்ந்ததில் போய்விட்டது. எட்டாம் நாள் முடிந்த பிறகு வாணியைக் கூப்பிட்டு, “உதை ஒருக்கால் வாசி மோனை, அப்பப்பாவைப் பற்றி என்ன போட்டிருக்கினம் எண்டு கேப்பம்” என்றேன்.

நேராக நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி வாசித்தாள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், அருளப்பு, றீற்றா ஆகியோரின் பாசமிகு தந்தை. “வாணி, ஜெறோம், நிக்சன், டெனிசன் ஆகியோரின் அன்புப் பாட்டனும் ஆவார்.” ஒரு இடத்திலும் தடக்கவில்லை. எனக்கு மனம் நிறைந்துபோனது. இராயப்பு நல்லாய்த்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

ஒரு மாசம் போய் றீற்றா ஒரு பழைய கண்ணாடி கொண்டுவந்து தந்தாள். முதல் வேலையாக அந்த நோட்டீசை எடுத்து விரலை வைத்து வாசித்தேன். ஜெறோம், நிக்சன், டெனிசன். மறுபடியும் வாசித்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, நான்தான் பிழையாக வாசிக்கிறேன் என்று நினைத்து நாலு தரம் வாசித்தேன். இல்லாத பெயரைப் பிள்ளை வாயால் போட்டு வாசித்திருக்கிறாள்.

அருளப்புவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “உனக்கு இது தெரியுமோ?”

“தெரியும் அம்மா. சுவரிலை ஒட்டின அண்டைக்கே வாணி பாத்திட்டாள்.”

“என்ன சொன்னவள்?”

“‘அப்பாச்சியிட்டைச் சொல்லாதேங்கோ, அவ அழுவா’ எண்டவள்.”

“நீ அவளுக்கு என்ன சொன்னாய்?”

“நோட்டீஸ் மழைக்குக் கரைஞ்சு போகும், நான் கரைய மாட்டன் எண்டு சொன்னன்.”

அவன் அப்படித்தான். சண்டைக்குப் போகமாட்டான். பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்பான். அவன் சூசையப்பரின் பிள்ளை. நான் அப்படியில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இராயப்பு வீட்டுக்கு நடந்தேன்.

“என்ன இராயப்பு, என்ரை மூத்த பேத்தியை எங்கை துலைச்சனீர்?”

“இருங்கோ மச்சாள், தேத்தண்ணி குடியுங்கோ.”

“தேத்தண்ணிக்கு வரேல்லை.”

“கடதாசித் தட்டுப்பாடு மச்சாள். பேருகளைச் சுருக்கச் சொல்லி அச்சுக்கூடத்திலை சொன்னவங்கள்.”

“‘பிரபல மீன்பிடிச் சம்மாட்டியும் சமூக சேவையாளரும்’ எண்டு ஒரு வரி போடக் கடதாசி இருந்தது. உங்கடை அண்ணை என்ன சமூக சேவை செய்தவர்? பற்றரி இல்லாத றேடியோவைத் திருகினதோ?”

அவருடைய பெண்சாதி உள்ளே நின்று சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளையின்ரை முதலெழுத்து வேறை மச்சாள். கந்தசாமி பிள்ளை. அதை எங்கடை பரம்பரையிலை எப்படிப் போடுறது?”

“யேசுபாலனுக்குச் சூசையப்பரின்ரை முதலெழுத்தோ போட்டவை?”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகுதான் உண்மையைச் சொன்னார். “நான் என்ன செய்யிறது? அண்ணை ஒரு நாளும் அவளைப் பேத்தி எண்டு சொன்னதை நான் கேக்கேல்லை. சொல்லியிருந்தால் போட்டிருப்பன்.”

தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டேன். பெயரை விட்டது இராயப்புவின் கை. அந்தக் கைக்கு இடம் கொடுத்தது உங்கள் வாய்.

சூசையப்பரும் பேசாத மனுஷன் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லுவார். வேத புத்தகம் முழுக்கத் தேடினாலும் அவர் பேசின ஒரு சொல்லும் இல்லையாம். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து, “பாத்தியோ, ஆம்பிளையெண்டால் அப்படி இருக்கவேணும்” என்பீர்கள். இஞ்சாருங்கோ, அவர் வாயால் பேசாமல் தோளால் பேசினவர். பிள்ளையைக் கொல்ல வருகிறார்கள் என்றதும் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வேறு தேசத்துக்கு நடந்தவர். எங்களைப் போல இடம்பெயர்ந்தவர். அவர் வாய் திறக்காததால் ஒரு பிள்ளைக்கும் பெயர் இல்லாமல் போகவில்லை. பேசாமல் இருப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. உங்களுடையது எந்த விதம் என்று அங்கே அவரிடமே கேட்டுப் பாருங்கோ.

இப்போதைய செய்திகளையும் சொல்லவேண்டும். வாணிக்குப் பத்து வயது. உங்களை விட உயரம் வருவாள் போலிருக்கிறது, கால் நீளம். டெனிசனுக்குப் பல் விழுந்து முளைக்கிறது. சரசு வீட்டுக்குப் பின்னால் கத்தரி வைத்திருக்கிறாள், தோட்டம் செய்த கை என்று மண்ணே சொல்லுகிறது. அருளப்பு ஆழமில்லாத களங்கடலில் இறால் பிடிக்கிறான். கோப்பாய்ப் பெரியவர், கந்தசாமியின் தகப்பன், போன மாசம் வாழைக்குலையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். அருளப்புவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். உங்கள் கதிரையில்தான் இருந்தார். நான் தடுக்கவில்லை.

இந்த நோட்டீசுக்குக் கடதாசி கொண்டுவந்தால் அச்சடித்துத் தருவேன் என்றார் அச்சுக்கூடக்காரர். அருளப்புவும் வாணியும் பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வாசிக்கிறவர்கள் கோடு போட்ட தாள் என்று முகம் சுளிக்க வேண்டாம். இப்படி ஒரு கடிதம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, பூசைக்கு வரமாட்டேன் என்று இராயப்பு சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்தால் அவருக்கும் சோறு இருக்கிறது. வராவிட்டால் அவருடைய பங்கை டெனிசன் சாப்பிடுவான்.

கரைச் சனத்துக்கும் ஒரு சொல். அந்தப் பிள்ளையைக் காட்டி, “அருளப்பு வளர்க்கிற பிள்ளை” என்று கதைக்கிறவர்கள் இருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கோ, வளர்க்கிறது சின்ன வேலை இல்லை. பெற்றுவிட்டு வளர்க்காதவர்கள் இந்தக் கோயிலில் முன் வாங்கில் இருக்கிறார்கள். எனக்கு அவர்களுடைய பெயரும் தெரியும். இன்றைக்கு எழுதவில்லை.

இனி உங்களுக்கு என் வாக்கு. என்னுடைய மரண அறிவித்தலை நானே எழுதி வைத்துவிட்டேன். ஒன்றை உபதேசியாரிடமும் ஒன்றை றீற்றாவிடமும் கொடுத்திருக்கிறேன். மூன்றாவதை இராயப்புவின் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வந்தேன். அதில் என்னைப் பிரபலம் என்று போடவில்லை. வாணியின் பெயர் அதில் முதலாவதாக இருக்கிறது, அவளுடைய சொந்த முதலெழுத்தோடு. கடதாசி போதாவிட்டால் என் பெயரைச் சுருக்கட்டும். அவளுடையதைத் தொடக்கூடாது.

நானும் வருவேன், அதிக காலம் இல்லை. வந்ததும் வழக்கம்போல நீங்கள், “என்ன, வர இவ்வளவு நேரமோ?” என்று கேட்பீர்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். எங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று முதலில் உங்களைக் கேட்பேன். சூசையப்பர் பக்கத்தில் நின்றாலும் சரி, நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பக்கத்தில் வந்து இருப்பேன். அதுவரைக்கும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கோ.

வாணிக்கும் டெனிசனுக்கும் அப்பாச்சியும்,
ஜெறோமுக்கும் நிக்சனுக்கும் அம்மம்மாவும்,
உங்களுக்கு இன்னும் பெண்சாதியுமான
மதலேனம்மா